மட்டிக்குள் குடித்தனம்

“என் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுங்க சார்.”

கேட்டே விட்டாள் அறிவுமதி. உலகத்தில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று அவள் அப்பா எல்லப்பன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சம்பளத்தைக் கூட்டிக் கேள். லீவு கேள். பொம்பளைகள் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லிக் கேள். சர்டிபிகேட் பேச்சை எடுத்தால் உன் வேலையும் போகும், கேட்டில் வாட்ச்மேனாக நிற்கிற என் வேலையும் போகும். சொல்லிவிட்டு, பெற்ற மகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி தாண்டவராயன் பேனாவை மூடி வைத்தார்.

“எதுக்கும்மா இப்ப?”

“திங்கக்கெழமை தூத்துக்குடியில இன்டர்வியூ சார். கடல் ஆராய்ச்சி நிலையத்துல உதவியாளர் வேலை. ஒரிஜினல் இல்லாம உள்ளயே வுட மாட்டாங்க.”

“தூத்துக்குடியில போயி இன்னா பண்ணப்போற?”

“நண்டு பாக்கப்போறேன்.”

“நண்டுதானே. இங்க தெனம் கூடைக்கூடையா குப்பையில கொட்டறமே.” அவர் சிரித்தார். பீரோவுக்குப் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் தசரதனும் சிரித்தான். முதலாளி சிரித்தால் சிரிப்பதும் அவன் வேலையில் சேர்த்தி.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூருக்கு அந்தப் பக்கம் மண் ரோட்டில் இருந்தது அந்த மட்டி ஷெட். சுற்றிலும் ஏரியும் கழனியும்தான். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று அங்கே வேலை செய்கிற பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனாலும் விடிகாலையில் கோவளம் பக்கமிருந்து லாரி வரும்; மூட்டை மூட்டையாகப் பச்சை விளிம்பு வைத்த மட்டிச் சிப்பியை இறக்கிவிட்டுப் போகும். இங்கே ஏன் என்றால், இடம் மலிவு, கிணற்றுத் தண்ணீர் மலிவு, கழனி கைவிட்டுப்போன வீட்டுப் பெண்களின் கை எல்லாவற்றையும்விட மலிவு. ஆவியில் வேகவைத்த மட்டியைத் தகர மேசையில் கொட்டுவார்கள். பெண்கள் குட்டைக் கத்தியால் நெம்பிச் சதையை எடுத்துத் தட்டில் போட வேண்டும். சதை ஐஸில் ஏறி எங்கெங்கோ போகும். ஓடு பின்புறம் மலையாகக் குவியும்.

பத்து மட்டிக்கு ஒன்றில், சதையின் மடிப்புக்குள், பட்டாணி பெரிசில் ஒரு நண்டு உட்கார்ந்திருக்கும். வெந்து சிவந்து, காலை மடக்கிக்கொண்டு. அதைப் பொறுக்கித் தனியே போட வேண்டும். பெண்கள் அதற்கு வைத்திருந்த பெயர் குடித்தனக்காரி. “இந்தா, எனக்கு ஒரு குடித்தனக்காரி வந்துட்டா” என்று ஒருத்தி சொன்னால், “வாடகை வாங்கினியாடி?” என்று எதிர் மேசையிலிருந்து இன்னொருத்தி கேட்பாள்.

அறிவுமதிக்கு வேலை ‘லேப்’பில். லேப் என்றால் ஐஸ் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு மூலை, ஒரு சிமென்டுத் திட்டு, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு மைக்ராஸ்கோப். வேகவைப்பதற்கு முன் மூட்டைக்கு நாலு மட்டி பிளந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக அவள் அந்த நண்டை உயிரோடு கண்டாள். கல்லூரியில் அதைப் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறாள், படம்கூடப் போட்டிருக்கிறாள், கண்ணால் கண்டதில்லை. அவள் படித்த படிப்பே அப்படிப்பட்ட படிப்புதான். உயிரோடு இருக்கும்போது அது சிவப்பில்லை. கஞ்சித் தண்ணீர் நிறம். முதுகு வழியாக உள்ளே மஞ்சளாக முட்டை தெரிந்தது. நண்டு என்றால் ஓடு கெட்டியாக இருக்க வேண்டாமா? இது விரலால் அழுத்தினால் குழைந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் எறும்பின் தலையைப் போல இரண்டு புள்ளி.

உப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் அதை விட்டுப் பார்த்தாள். நடக்கத் தெரியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை உதறி, மல்லாந்து போயிற்று. திருப்பிவிட்டாள். மறுபடி மல்லாந்தது. சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது.

மேசைத் தலைவி ஞானம்மாவிடம் அன்றைக்கு அதைச் சொன்னாள். ஞானம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு, நாக்கில் கத்தி.

“இது பொம்பள நண்டுக்கா. கடுகாட்டம் இருக்கச்சொல்ல மட்டிக்குள்ள பூந்துடும். அப்பறம் ஒடம்பு பெருத்துடும், வெளிய வர முடியாது. மட்டி திங்கறதுல பாதியப் புடுங்கித் தின்னுகினு, முட்ட போட்டுகினு, சாவற வரைக்கும் அங்கதான்.”

“அப்ப ஆம்பள?”

“அது சின்னது. கெட்டி ஓடு. மட்டிக்கு மட்டி பூந்து பூந்து போவும், வரும்.”

ஞானம்மா கத்தியை நிறுத்தவில்லை. “இத்தத் தெரிஞ்சிக்கவா பி.எஸ்சி. படிச்ச? எங்க தெருமொனையில வந்து ஒரு நாளு நின்னிருந்தா போதுமே.”

மேசையே குலுங்கியது. அறிவுமதியும் சிரித்தாள். அந்த ஷெட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அநேகமாக அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவள் நண்டு சேர்க்க ஆரம்பித்தாள். உயிரோடு கிடைத்ததை எல்லாம், கெடாமல் இருக்க ஃபார்மலின் மருந்து ஊற்றிய பாட்டிலில் போட்டாள். கடுகு அளவில் உள்ளே நுழைகிற குட்டியிலிருந்து, வயிறு நிறைய முட்டையோடு ஓட்டுக்குள் நெருக்கிக்கொண்டு கிடப்பது வரை, அளவு வாரியாக. எந்த மாதத்தில் முட்டை அதிகம், நண்டு இருக்கும் மட்டி எவ்வளவு இளைத்துப்போகிறது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தூத்துக்குடியில் கேட்பவர்கள் மேசைமேல் அந்தப் பாட்டிலை வைப்பதாகத்தான் எண்ணம். அவள் பேசுவதைவிட அது நன்றாகப் பேசும். இப்போதும் தினத்தாளில் சுற்றி இடது கையில் பிடித்திருந்தாள்.

சர்டிபிகேட் இவர்கள் கைக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்தது ஊருக்கெல்லாம் தெரியும். அதற்கப்புறம் திரும்பின பக்கமெல்லாம் போலீஸ். வீட்டுக்கு வீடு யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள் என்று கேள்வி. அதையே சாக்காக வைத்துத் தாண்டவராயன் ஷெட்டில் ஒரு சட்டம் போட்டார்: படித்தவர்கள் எல்லாரும் அசல் சான்றிதழை ஆபீசில் வைக்க வேண்டும், போலீஸ் வந்து கேட்டால் காட்ட வேண்டும். எந்தப் போலீசும் அப்படிக் கேட்கவில்லை. ஷெட்டில் படித்தவளும் இவள் ஒருத்திதான்.

அவள் தர மாட்டேன் என்றாள். எல்லப்பன் தூக்கிக்கொண்டு ஓடினார். பத்திரத்தைப் பத்திரம் எழுதுகிறவரிடம் கொடுப்பதுபோல, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மழை படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு போய் முதலாளியின் இரண்டு கையிலும் வைத்தார். “நம்ம வூட்டுல கரையான் கீது. அங்க இரும்பு பீரோ” என்றார் திரும்பி வந்து. “நம்ம பொருளு அவரு பீரோவுல கீதுன்னா நமக்குத்தான மரியாதி. வேணும்ன்றப்ப கேட்டு வாங்கிக்கலாம், வுடு.” மறு மாதமே அவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. பழைய வாட்ச்மேனின் காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் ரொம்ப நேரம் நின்றார்.

“சரி, குடுத்துடலாம்” என்றார் தாண்டவராயன்.

அறிவுமதி சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். இந்தப் பதிலுக்குத் தயாராக வரவில்லை.

“தசரதா, எடுத்துக் குடுய்யா.”

தசரதன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். “சார், அது…”

“அவுங்க பொருளு. கேக்கறாங்க. குடு.”

பீரோவின் அடித்தட்டிலிருந்து அதே பிளாஸ்டிக் கவர் வந்தது. அறிவுமதி பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுக் கவருக்குள் கையை விட்டாள். கெட்டித் தாள் மொடமொடவென்று, காய்ந்த அப்பளம் போல வளைந்திருந்தது.

நாலு மூலையிலும் சந்தனம். நடுவில் பெரிசாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். சந்தனத்தில் தண்ணீர் அதிகம் போலிருக்கிறது; வழிந்து ஓடியிருந்தது. கறுப்பு மையில் அழகெழுத்தாக யாரோ பொறுமையாக எழுதிய அவள் பெயர் கரைந்து, பழுப்பும் சிவப்புமாகக் குழம்பி, கீழே முத்திரைமேல் இறங்கியிருந்தது. யாரோ அதைத் துடைக்கவும் பார்த்திருக்கிறார்கள். துடைத்த இடத்தில் தாள் நார் நாராக எழுந்து நின்றது. ‘எ’ என்கிற தலையெழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. எல்லப்பனின் எ.

“யாரு பண்ணது இத்த?”

தசரதன்தான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு.

“ஆயுத பூசைக்கும்மா. எல்லாத்துக்கும் பொட்டு வெக்கச் சொல்லி உங்கப்பா கையில சந்தனக் கிண்ணத்தக் குடுத்தேன். தராசு, பாய்லரு, கத்தி, டைப்ரைட்டரு எல்லாத்துக்கும் வெச்சாரு. ஃபிரேம் போடறதுக்காக இத்த மேசைமேல எடுத்து வெச்சிருந்தோம். நான் அந்தாண்ட போய்ட்டு வரேன், அதுக்குள்ள… ‘எங்க வூட்டு ஆயுதம் இதானே’ன்னாரு.”

ஆயுத பூசையன்று அவள் ஷெட்டுக்கு வரவில்லை. தீட்டு நாள்; பூசை நடக்கிற இடத்துக்கு வராதே என்று தசரதனே முந்தின நாள் சொல்லியிருந்தான். அன்று ராத்திரி அப்பா பொரிகடலைப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தின்னாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது ஞாபகம் வந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில்தான் அவர் முதல் தடவையாகக் கும்பிட்டார். சர்டிபிகேட் பேச்சை எடுக்காதே, வேலை போய்விடும்.

வேலை போகும் என்று அவர் பயப்படவே இல்லை. இவள் பார்த்துவிடுவாள் என்றுதான் பயந்திருக்கிறார்.

“அவரத் திட்டாதம்மா” என்றார் தாண்டவராயன், பெரிய மனசோடு. “படிக்காத மனுசன், பக்தியில பண்ணிட்டாரு. போலீஸ்ல காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுத்து, பேப்பர்ல போட்டு, வேற வாங்கிக்கலாம். ஆறு மாசம் ஆவும், எட்டு மாசம் ஆவும். அது வரைக்கும் இங்கயே இரு. யாரு போன்னு சொன்னா?”

“உங்களுக்கு இது வேணாமா? போலீஸ் வந்தா காட்டணும்னீங்களே.”

“நமக்கு ஜெராக்ஸ் போதும். கெடறதுக்கு மின்னாடியே எடுத்து, சீலு வெச்சி, கண்ணாடி போட்டு மூணு எடத்துலயும் மாட்டியாச்சே.”

“எந்த மூணு எடம்?”

தசரதன் இருமினான். தாண்டவராயனுக்கு மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அதுதான் அவளுக்குப் பிறகு நினைக்க நினைக்க எரிந்தது. பெருமையாகவே சொன்னார்: ஒரகடத்தில் ஒரு ஷெட், மறைமலை நகர் பக்கம் ஒரு ஷெட், இங்கே வருகிற ஆட்கள் உட்காருகிற உள்ளறை. சரக்கு எடுக்கிறவன் வந்தால், படித்த ஆள் பார்த்துத்தான் அனுப்புகிறீர்களா என்று கேட்கிறான். சுவரைக் காட்டினால் வாயை மூடிக்கொள்கிறான்.

“அந்த ரெண்டு ஷெட்டை நான் பாத்ததே இல்லையே.”

“நீ எதுக்கும்மா அலையணும்? அங்க சரக்குக்கு உன் கையெழுத்தத் தசரதனே போட்டுடறான். உன் பேருல மூணு கம்பெனி ஓடுது. இந்த வயசுல யாருக்கு வரும்?”

இத்தனை நாளும் அவள் தன்னைப் பற்றி நினைத்திருந்தது வேறு. ராத்திரி படுத்தால் அந்தக் கிண்ணத்து நண்டு ஞாபகம் வரும்: இவன் ஷெட்டில் ஒட்டிக்கொண்டு, இவன் போடுவதைத் தின்றுகொண்டு, கால் செத்துப்போகிறதே என்று. இப்போது பார்த்தால் ஓடே அவளுடையதுதான். அவள் கண்ணால் காணாத இரண்டு ஊரில் அவள் பெயரைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, ஒருவன் தின்று பெருத்துக்கொண்டிருக்கிறான். கெட்ட மட்டி போனாலும் அவள் பார்த்து அனுப்பியதாகத்தான் போகும்.

“என் பேரை எடுங்க” என்றாள். “மூணு எடத்துலயும்.”

“எப்படிம்மா எடுக்கறது? ஊருக்கெல்லாம் காட்டியாச்சு. நீ இருந்தா சம்பளம் வாங்கிக்கோ. போறதுன்னா போ. பேரு இங்க இருக்கும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” பேனாவைத் திறந்தார். “கேசு போடறதுன்னாலும் போடு. அதுக்கும் ஒரிஜினலத்தான் கேப்பான்.”

அவள் சர்டிபிகேட்டைக் கவருக்குள் வைத்தாள். பாட்டிலை எடுக்கக் கை நீட்டினாள்.

“அது இருக்கட்டும்” என்றார் தாண்டவராயன்.

“நான் சேத்தது சார்.”

“பாட்டில் கம்பெனிது. மருந்து கம்பெனிது. மட்டி கம்பெனிது. நண்டு மட்டும் உன்னுதா?” தினத்தாளைப் பிரித்து, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே நண்டுகள் ஒருமுறை எழும்பி மெதுவாக இறங்கின. “நல்லா இருக்கே. வர்ற ஆளுங்களுக்குக் காட்டலாம். தசரதா, இத்த அந்த ஃபிரேமுக்குக் கீழ வையி.”

ஷெட்டுக்குள் ஆவியும் நாற்றமும் எப்போதும்போல் இருந்தன. ஞானம்மாவின் மேசைக்கு அடியில் அறிவுமதியின் துணிப்பை இருந்தது. காலையிலேயே அதை அங்கே வைத்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போயிருந்தாள். இரண்டு செட் துணி, ரயிலுக்கு எடுத்த டிக்கெட், அம்மா அம்சவல்லி விஷயம் தெரிந்து கட்டிக்கொடுத்த புளிச்சோறு. சர்டிபிகேட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இங்கே இனி ஒரு நாள் இல்லை என்று அப்போதே முடிவு செய்தாயிற்று. கெட்டுப்போன ஒன்றைக் கொடுப்பார்கள் என்று மட்டும் அந்த முடிவில் இல்லை.

“குடுத்தானா?” என்றாள் ஞானம்மா.

“குடுத்துட்டான்.”

“அப்பறம் ஏன் மூஞ்சி இப்டி கீது?”

அறிவுமதி கவரைத் திறந்து காட்டினாள். ஞானம்மா ஈரக் கையைத் தூர நீட்டி வைத்துக்கொண்டு, தலையை மட்டும் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பொட்டு யார் வைத்தது என்று கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

“அடக் கடவுளே” என்றாள் மெதுவாக. கொஞ்ச நேரம் கத்தி ஓடவில்லை. “இத்த எட்துகினா போவப்போற?”

“ஆமா.”

“உள்ள வுட மாட்டாங்களே புள்ள.”

“வுட மாட்டாங்க.”

“அப்பறம்?”

“தெரியலக்கா. இங்க வர மாட்டேன். அது ஒண்ணுதான் தெரியும்.”

ஞானம்மா காலால் பையை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த மட்டியை எடுத்தாள்.

எல்லப்பன் கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகள் பையோடு வருவதைப் பார்த்து எழுந்தார். பழக்கதோஷத்தில், “சீட்டு வாங்கினியா?” என்று கேட்டார். ஷிஃப்ட் நடுவில் யார் போவதானாலும் ஆபீஸ் சீட்டு வேண்டும். அப்புறம்தான் அவள் கையிலிருந்த கவரைப் பார்த்தார். காக்கிச் சட்டைக்குள் மனிதர் இன்னும் சிறிதாகிவிட்டதுபோல் இருந்தது.

“மதி…”

அவள் கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

“பூசைதாம்மா பண்ணேன். ஏரு வெச்சிக் கும்புட்ட வூடு. ஏரு போச்சு. வேற இன்னா கீது நம்மகிட்ட, பொட்டு வெக்க?” அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். “தண்ணி ஓடச்சொல்லத் தொடச்சேன். தொடைக்கத் தொடைக்க இன்னும் போச்சு.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே நைனா. அன்னிக்கே எழுதிப் போட்டிருந்தா வேற வாங்க வழி பாத்திருப்பேன்.”

எல்லப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

“வேற குடுப்பாங்களா?”

அந்தக் கேள்வியை அவளால் தாங்க முடியவில்லை. பட்டம் என்றால் ஒன்றுதான் இருக்கும், போனால் போனதுதான் என்று இத்தனை நாளும் மென்று முழுங்கிக்கொண்டு இந்தக் கேட்டில் நின்றிருக்கிறார். யாரிடமும் கேட்கவும் இல்லை. யாரைக் கேட்பார்? கேட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வீட்டில்தான் இருந்தாள். அவளிடமிருந்துதான் மறைக்க வேண்டியிருந்தது. யார்மேல் கத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“கேட்டைத் தொற நைனா.”

சாவி அவர் இடுப்புக் கயிற்றில் இருந்தது. கை அங்கே போயிற்று. போன கை நின்றது. கண் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆபீஸ் ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் திரும்பியது.

அறிவுமதி அதைப் பார்த்துவிட்டாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். ஷெட்டின் பின்புறம் நடந்தாள். மட்டி ஓடு அள்ள டிராக்டர் வருவதற்காக அங்கே வேலியைப் பிரித்துவிட்டிருந்தார்கள். கார்த்திகை மழையில் நனைந்த ஓட்டுக் குவியல் பச்சையும் கறுப்புமாக மின்னியது. அதன்மேல் ஏறித்தான் போக வேண்டும். காலடியில் ஓடுகள் நொறுங்கின. ஒன்று செருப்பை மீறி உள்ளங்காலைக் கீறியது. கவரை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவர் கொண்டுபோனபோது பிடித்தது போலவே. அது உறைத்ததும் கையை மாற்றினாள்.

மட்டிக்கு வெளியே விட்டால் நடக்கத் தெரியாது, மல்லாந்து போகும், சாயங்காலத்துக்குள் செத்துவிடும். கண்ணால் பார்த்தவள் அவள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலியைத் தாண்டி மண் ரோட்டில் இறங்கி, தார் ரோட்டைப் பார்த்து நடந்தாள். தூரத்தில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் வருகிற சத்தம். அதற்குப் பின்னால், ரொம்பப் பின்னால், இரும்புக் கேட்டு கிறீச்சிட்டுத் திறக்கிற சத்தமும் கேட்டது. அவள் கையை நீட்டிப் பஸ்ஸை நிறுத்தி ஏறிக்கொண்டாள்.